மைசூர் பருப்புச் செடி எப்போது பூக்கும்? வெப்பநிலையும் பகல் நீளமும் வைத்துக் கணிக்க, புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மைசூர் பருப்புச் செடி எத்தனை நாளில் பூக்கும் என்பதைக் கணிக்க ஒரு வரிச் சமன்பாடு போதும். பள்ளிக் கணக்கு தெரிந்தவருக்கு அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். இருந்தும் இந்த வேலையில் இறங்குபவர்கள் ஒரு பருவத்தையே இழந்துவிடுகிறார்கள். எதைப் ‘பூ’ என்று எண்ணினோம், எதைப் ‘பகல்’ என்று எண்ணினோம், எந்த நாளிலிருந்து எண்ணினோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யாததுதான் பெரும்பாலும் காரணம். இதையெல்லாம் வரிசையாகச் சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை, தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்காவது அது மிச்சமாகட்டும்.

இலங்கையில் பருப்பு என்றாலே இதுதான், நம் ஊரிலும் கடையில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் தமிழ்நாட்டு வயலில் இந்தச் செடியைப் பார்த்தவர்கள் குறைவு. கான்பூருக்கோ போபாலுக்கோ கனடாவின் சஸ்கட்டூனுக்கோ படிக்கவும் ஆய்வு செய்யவும் போகும்போதுதான் நம்மில் பலர் இதை முதன்முதலாகப் பார்க்கிறோம். அப்படிப் போகிறவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் கையால் கணக்குப் போடுங்கள்

மைசூர் பருப்பு நீள்பகல் செடி. பகல் நீள நீளச் சீக்கிரம் பூக்கும். குறும்பகலிலும் பூக்கும், ஆனால் தாமதமாகும். ஓர் எல்லை வரை வெப்பமும் பூப்பை விரைவுபடுத்தும். 1985இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகக் குழு இந்தப் பயிருக்குக் கொடுத்த சமன்பாடுதான் இன்றும் அடிப்படை:

1 ÷ நாள் = அ + (ஆ × வெப்பம்) + (இ × பகல்)

‘நாள்’ என்பது பூக்க ஆன நாட்கள், ‘வெப்பம்’ அந்தக் காலத்தின் சராசரி வெப்பநிலை, ‘பகல்’ அந்தக் காலத்தின் சராசரி பகல் நீளம், மணிக்கணக்கில். அ, ஆ, இ மூன்றும் ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனி. நாட்களை நேரடியாகக் கணிக்காமல் அதன் தலைகீழைக் கணிப்பதற்குக் காரணம் உண்டு. தலைகீழ் என்பது ஒரு நாளில் செடி பூவை நோக்கி எவ்வளவு தூரம் நகர்கிறது என்ற வேகம். அந்த வேகம்தான் வெப்பத்தோடும் பகலோடும் ஏறக்குறைய நேர்கோட்டில் மாறுகிறது, நாட்கள் அப்படி மாறுவதில்லை.

பழகுவதற்காக நான் கற்பனையாக எடுத்த எண்கள் இவை: அ = −0.0125, ஆ = 0.0005, இ = 0.0015. எந்த உண்மையான ரகத்துக்கும் இவை பொருந்தாது. சஸ்கட்டூன் கோடை போல 17 டிகிரி, 16 மணி நேரப் பகல் என்று வைத்தால் வேகம் 0.02, அதாவது 50 நாள். போபால் ராபிப் பருவம் (குளிர்காலச் சாகுபடி) போல 20 டிகிரி, 11 மணி நேரம் என்றால் வேகம் 0.014, சுமார் 71 நாள். போபால்தான் வெப்பமான இடம், ஆனாலும் அங்கே தாமதம். பகல் நீளம் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

இப்போது இரண்டு இடத்திலும் 2 டிகிரி கூட்டிப் பாருங்கள். போபாலில் 5 நாள் முந்துகிறது, சஸ்கட்டூனில் இரண்டரை நாள்கூட முந்துவதில்லை. ஒரே ரகம், ஒரே 2 டிகிரி, விளைவு மட்டும் வேறு. தலைகீழில் கணக்கிடுவதால் வருவது இது. பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும்போது ‘ஒரு டிகிரிக்கு இத்தனை நாள்’ என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

ஓர் எச்சரிக்கை. வேகம் பூஜ்யமாகும் வெப்பநிலையை இந்தச் சமன்பாட்டிலிருந்து எடுத்து ‘அடி வெப்பநிலை’ என்று எழுதுவார்கள். மேலே உள்ள எண்களில் 11 மணிப் பகலுக்கு அது −8 டிகிரி, 16 மணிப் பகலுக்கு −23. அந்தக் குளிரில் எந்தச் செடியும் வளராது. கோட்டை நீட்டினால் எங்கே முட்டுகிறது என்பதை மட்டும் அந்த எண் சொல்கிறது. அதற்கு உயிரியல் பொருள் கொடுத்து எழுதிவிடாதீர்கள்.

2. ‘பூத்தது’ என்றால் என்ன என்று எழுதி வையுங்கள்

விதைப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். முதல் செடியில் முதல் பூவா? பாத்தியில் பத்து சதவீதச் செடிகளில் ஒரு பூவாவது விரிந்த நாளா? பாதிச் செடிகளா? மூன்றும் புழக்கத்தில் உள்ளன, மூன்றுக்கும் இடையே பல நாள் வித்தியாசம் வரும். உள்ளூர்ச் சேகரிப்பு விதைகளில் செடிக்குச் செடி வேறுபாடு இருப்பதால் இடைவெளி இன்னும் கூடும். நான் பத்து சதவீதத்தையும் ஐம்பது சதவீதத்தையும் தனித்தனிப் பத்தியில் குறித்துக்கொள்கிறேன். பின்னால் வேறு யாருடைய தரவோடு ஒப்பிட நேர்ந்தாலும் ஏதாவது ஒன்று பொருந்தும்.

மொட்டும் விரிந்த பூவும் வேறு. பூ மிகச் சிறியது, வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ இருக்கும். நின்றபடி பார்த்தால் தெரியாது, குனிந்து இலையை விலக்கித்தான் பார்க்க வேண்டும். முதல் பூ எதிர்பார்க்கும் வாரத்திலிருந்து தினமும் ஒருவர் போக வேண்டும், முடிந்தவரை ஒரே ஆள். வாரம் இருமுறைதான் போக முடியும் என்றால் மாதிரியின் (அதாவது இந்தக் கணிப்புச் சமன்பாட்டின்) பிழையை அந்த மூன்று நான்கு நாள் இடைவெளியைவிடக் குறைவாகக் காட்ட முடியாது.

அப்புறம், விதைத்த நாள், முளைத்த நாள் இரண்டையும் குறியுங்கள். மண் ஈரம் குறைந்தாலோ மண் குளிர்ந்திருந்தாலோ முளைப்பு இழுத்துக்கொண்டே போகும். அந்தத் தாமதத்துக்கும் பகல் நீளத்துக்கும் தொடர்பில்லை. விதைப்பிலிருந்து எண்ணினால் அதுவும் மாதிரிக்குள் புகுந்துவிடும். நெல் நிற்கும்போதே ஈர வயலில் பருப்பைத் தூவும் பழக்கம் கிழக்கு இந்தியாவில் உண்டு, அங்கே விதைத்த தேதியை விவசாயியிடம் கேட்டே உறுதி செய்ய வேண்டும்.

3. விதையும் தாள்களும்

நேரம் அதிகம் கரையும் இடம் இதுதான். ராபி விதைப்பு அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை. அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. வெளிநாட்டு விதை வேண்டுமென்றால் அந்த வருட ஏப்ரலிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

பெரிய சேகரிப்பு இக்கார்டா என்ற பன்னாட்டு நிறுவனத்திடம் உள்ளது. சிரியாவின் அலெப்போவில் இருந்த அதன் விதை வங்கிப் பணிகள் போருக்குப் பின் லெபனானிலும் மொராக்கோவிலும் நடக்கின்றன. எந்த விதை எங்கே இருக்கிறது என்று விதை வங்கிகளின் பொதுப் பட்டியலான ஜெனிசிஸ் இணையதளத்தில் தேடலாம். இந்த விதைகளின் எண் ‘ஐஎல்எல்’ என்று தொடங்கும். உதாரணமாக ஐஎல்எல் 4605 என்பது ப்ரெகோஸ், அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. பகல் நீளத்துக்கு அதிகம் மசியாமல் சீக்கிரம் பூக்கும் ரகம். ஒப்பீட்டுக்கு இதை அவசியம் சேருங்கள்.

இந்தியாவுக்கு வரவழைக்கத் தேவையானவை:

- பொருத்தமான பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். பன்னாட்டுத் தாவர மரபு வள உடன்படிக்கையின் பட்டியலில் மைசூர் பருப்பு உள்ளதால் நிலையான படிவம் ஒன்றே போதும். நிறுவனத்தின் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று முன்பே விசாரியுங்கள். மாணவர் கையெழுத்து செல்லாது.
- இறக்குமதி அனுமதி. ஆராய்ச்சிக்கான மரபு வள விதைக்கு இதை வழங்குவது டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வள அலுவலகம். விதை வங்கி பொட்டலத்தை அனுப்பும் முன்பே இந்த அனுமதி அவர்கள் கையில் இருக்க வேண்டும்.
- அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ். இதை அவர்கள் ஏற்பாடு செய்வார்கள், ஆனால் பொட்டலத்தோடு வருகிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

பொட்டலம் நேராக உங்கள் கைக்கு வராது. முதலில் தனிமைப் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் உங்களிடம். விதைக்கு விலை இல்லை, கூரியரும் சான்றிதழும்தான் செலவு. பலரும் கணக்கில் எடுக்காத இன்னொன்று: வருவது சிறு பொட்டலம். மூன்று இடத்தில் விதைக்க அது போதாது, ஒரு பருவம் விதை பெருக்க வேண்டும். ஆக, கேட்டதிலிருந்து உண்மையான சோதனை வரை இரண்டு ராபி என்று திட்டமிடுங்கள்.

அவசரம் என்றால் இந்திய ரகங்களோடு தொடங்கலாம். கான்பூரிலுள்ள இந்தியப் பயறு ஆராய்ச்சி நிறுவனம், மத்தியப் பிரதேசத்தின் சேஹோர் வேளாண் கல்லூரி ஆகிய இடங்களில் கேளுங்கள். எதிர்த்திசை வேறு கதை. இந்திய விதையை வெளிநாட்டுக்கு அனுப்ப உயிரியல் பன்மைச் சட்டம் 2002இன் கீழ் அனுமதி தேவைப்படும். ‘பையில் போட்டு எடுத்து வா’ என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். சட்டமும் பாதிக்கும், நோயும் பரவும்.

விதை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். சஸ்காட்செவான் பல்கலைக்கழகம் தலைமையில் 324 வகைகளை 2016 முதல் 2018 வரை கனடா, அமெரிக்கா, இத்தாலி, ஸ்பெயின், மொராக்கோ, இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய நாடுகளில் விதைத்துப் பார்த்தார்கள். அந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்துப் படி 5 முதல் 8 வரை முழுவதும் பழகிவிடலாம்.

4. இடங்களைத் தேர்ந்தெடுப்பது

சரி, ஒரே இடத்தில் பல தேதிகளில் விதைத்தால் போதாதா? பெரும்பாலும் போதாது. ஒரே இடத்தில் பகல் குறையும்போது வெப்பமும் குறைகிறது, பகல் கூடும்போது வெப்பமும் கூடுகிறது. இரண்டும் கைகோத்துப் போனால் எது பூக்கவைத்தது என்று கணினியால் பிரிக்க முடியாது. ஆ, இ இரண்டும் தாறுமாறாக வரும், சில சமயம் எதிர்க்குறியோடுகூட வரும்.

இரண்டையும் பிரித்துக்காட்டும் சூழல்கள்தான் வேண்டும். சிறந்த வழி அட்சரேகை. கனடாவின் கோடை: நீண்ட பகல், மிதமான வெப்பம். போபால் ராபி: குறும்பகல், மிதமான வெப்பம். மத்தியதரைக் கடல் ஓரத்தில் நவம்பர் விதைப்பு: குறும்பகல், குளிர். கடைசியில் சொன்னதில் பூப்பதற்கு நூறு நாளுக்கு மேலும் ஆகும். இந்த மூன்றிலிருந்தும் தரவு இருந்தால் மாதிரி உறுதியாக நிற்கும். ஒரே வகைச் சூழலில் பத்து இடம் சேர்ப்பதைவிட வேறு வேறு வகையில் மூன்று இடம் சேர்ப்பது மேல் என்பேன்.

ஒரே இடத்தில்தான் வேலை என்றால் குளிர்கால நடுநாளுக்கு இருபுறமும் விதையுங்கள். போபாலில் நவம்பர் நடுவிலும் ஜனவரி கடைசியிலும் பகல் நீளம் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 10.9 மணி நேரம். ஆனால் ஜனவரி குளிர் அதிகம். அந்த வேறுபாடு கொஞ்சம் கைகொடுக்கும். தாமத விதைப்பில் பின்பகுதி கடும் வெயிலில் மாட்டும், காய் பிடிக்காது. பூத்த தேதி மட்டும் போதும் என்பதால் பரவாயில்லை.

வளர்ப்பு அறையில் செய்பவர்கள் விளக்கைக் கவனியுங்கள். மைசூர் பருப்பு ஒளியின் அளவுக்கு மட்டுமல்ல, சிவப்புக்கும் தொலைச்சிவப்புக்கும் (சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) உள்ள விகிதத்துக்கும் பதில் சொல்லும். தொலைச்சிவப்பு கூடினால் சீக்கிரம் பூக்கும். வெள்ளை எல்இடியில் தொலைச்சிவப்பு மிகக் குறைவு, பழைய குண்டு பல்பில் ஏராளம். பகலை நீட்டும் அறையில் ஒரு விளக்கு, நீட்டாத அறையில் வேறு விளக்கு என்றால் நீங்கள் அளப்பது பகல் நீளத்தை அல்ல.

5. வெப்பநிலைத் தரவு

வயலிலேயே பதிவுக் கருவி வைப்பது நல்லது. வெயில் நேரடியாகப் படாத, காற்றோடும் வெள்ளைக் கூண்டுக்குள் வையுங்கள். வெறுமனே குச்சியில் கட்டினால் மதியம் பல டிகிரி கூட்டிக் காட்டும்.

கருவி இல்லையென்றால் நாசா பவர் தளத்தில் 1981 முதல் தினசரி வெப்பநிலை இலவசமாக எடுக்கலாம், பதிவுகூடத் தேவையில்லை. மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, தரவு இல்லாத நாளுக்கு −999 என்று இருக்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் எல்லாம் பாழ். இரண்டு, தரவு வரைபடத்தில் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்படுகிறது, ஒரு கட்டம் அட்சரேகையில் சுமார் அரை டிகிரி அகலம், அதற்குள் மலையும் பள்ளமும் சேர்ந்திருக்கலாம். கோப்பின் தலைப்பில் கட்டத்தின் சராசரி உயரம் இருக்கும், உங்கள் வயலின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். 1,000 மீட்டருக்கு சுமார் 6.5 டிகிரி வித்தியாசம் வரும். மூன்று, தினசரி சராசரியும், உச்சம்-குறைந்தபட்சம் இரண்டின் பாதியும் ஒன்றல்ல. எதை எடுத்தாலும் எல்லா இடத்துக்கும் அதையே எடுங்கள்.

தேதியில் ஒரு பொறி உண்டு. ராபிப் பயிர் டிசம்பர் தாண்டிப் பூக்கும். ‘ஆண்டின் எத்தனையாவது நாள்’ என்ற எண்ணைக் கழித்தால் எதிர்மறை எண் வரும். முழுத் தேதியாகக் கழியுங்கள். நாளும் மாதமும் இடம் மாறிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். வேறு இடத்திலிருந்து வந்த எக்செல் கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும்.

6. பகல் நீளம்

இதற்குத் தரவு தேவையில்லை, அட்சரேகையும் தேதியும் போதும். ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் ஜியோஸ்பியர் தொகுப்பில் தயாராக ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் ‘பகல்’ எங்கே தொடங்குகிறது என்பதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை.

சஸ்கட்டூனில் ஜூன் 21 அன்று சூரியனின் மையம் தொடுவானத்தில் இருப்பதை எல்லையாக வைத்தால் 16.5 மணி நேரம். நாம் சூரிய உதயம் என்று சொல்லும் கணத்தை வைத்தால் 16.75. சூரியன் 6 டிகிரி கீழே இருக்கும்போதுள்ள விடியல், அந்தி வெளிச்சத்தையும் சேர்த்தால் 18.4. போபாலில் டிசம்பர் 21 அன்று முதல் கணக்கில் 10.6, கடைசிக் கணக்கில் 11.5. கனடாவில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வித்தியாசம், போபாலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. எனவே ஒரே அளவு கூட்டியோ கழித்தோ சரிசெய்துவிட முடியாது.

முதல் படியில் எடுத்த கற்பனை எண்களிலேயே பாருங்கள். 17 டிகிரியில் 16.5 மணி என்றால் 48 நாள், 18.4 என்றால் 42 நாள். ஒருவர் ஒரு வரையறையில் கண்ட எண்களை இன்னொருவர் வேறு வரையறையில் போட்டால் 6 நாள் பிழை, ஆனால் யாருக்கும் காரணம் புரியாது. செடி மங்கிய வெளிச்சத்தையும் உணரும் என்பதால் நான் அந்தியைச் சேர்க்கும் பக்கம். நீங்கள் எதை எடுத்தாலும் எழுதி வையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

7. எண்களைப் பொருத்துவது

தரவுக்கு ஏற்ற அ, ஆ, இ எண்களைக் கண்டுபிடிப்பதுதான் பொருத்துவது. ஆர் மொழியில் நேர்கோட்டுப் பொருத்தம் ஒரே கட்டளைதான், செலவு பூஜ்யம். கவனிக்க வேண்டியவை வேறு.

ஒவ்வொரு ரகத்துக்கும் மூன்று எண்கள் கண்டுபிடிக்கிறோம். மூன்று சூழல் மட்டும் இருந்தால் பொருத்தம் நூறு சதவீதம் வரும், அதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஆறுக்குக் குறையாமல் வையுங்கள்.

தலைகீழில் பொருத்துவதால் சீக்கிரம் பூக்கும் இடங்களுக்கு எடை கூடிவிடும். 50 நாள் இடத்தில் ஒரு நாள் பிழையும், 100 நாள் இடத்தில் நான்கு நாள் பிழையும் கணினிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மத்தியதரைக் கடல் இடங்களின் கணிப்பு தளர்வாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். முடிவைத் திரும்ப நாட்களாக மாற்றி, இடவாரியாகப் பிழையைப் படம் போட்டுப் பாருங்கள்.

8. கணிப்பது, சரிபார்ப்பது

அதிகம் பேர் விழும் பொறி இங்கேதான். பொருத்தும்போது எண்ணத் தொடங்கிய நாள் முதல் பூத்த நாள் வரையான சராசரியை எடுத்தோம். புதிய இடத்துக்குக் கணிக்கும்போது பூத்த நாளே தெரியாதே, எந்த நாள்வரை சராசரி எடுப்பது? கண்ட தேதியை வைத்தே சராசரி எடுத்து ‘கணிப்பு மிகச் சரி’ என்று காட்டினால் அது கணிப்பு ஆகாது, விடை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

நாள்தோறும் கூட்டுவதே சரியான வழி. உண்டியலில் தினமும் காசு போடுவது போல, ஒவ்வொரு நாளின் வெப்பத்தையும் பகலையும் சமன்பாட்டில் போட்டு வரும் வேகத்தைச் சேர்த்துக்கொண்டே போங்கள். கூட்டுத்தொகை 1 ஆகும் நாள் பூக்கும் நாள். கடுங்குளிர் நாளில் வேகம் எதிர்மறையாக வந்தால் பூஜ்யம் என்று வையுங்கள், செடி பின்னோக்கிப் போகாது. முளைத்த முதல் சில நாட்கள் செடி பகல் நீளத்தை உணராது என்பதையும் நினைவில் வையுங்கள். தொடக்கத்தில் இதை விட்டுவிடலாம், பிழை தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் அப்போது சேர்க்கலாம்.

சரிபார்க்க, தரவைக் குலுக்கிப் பத்தில் ஒன்றை ஒதுக்காதீர்கள். ஒரே வயலின் ஒரே வருடம் இரண்டு பக்கமும் இருக்கும், மாதிரிக்கு விடை முன்பே தெரிந்துவிடும். ஓர் இடத்தை முழுவதுமாக வெளியே எடுத்து, மற்றவற்றில் பொருத்தி, எடுத்த இடத்தைக் கணியுங்கள். எல்லா இடத்துக்கும் இப்படி ஒருமுறை. எண் மோசமாகத்தான் வரும், அதுவே உண்மையான எண். சராசரிப் பிழையை நாட்களில் சொல்லுங்கள். கணிப்பும் உண்மையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒத்திசைவு எண்ணை, எல்லா இடங்களையும் சேர்த்து எடுத்திருந்தால் நம்ப வேண்டாம். ஓர் இடத்தில் 50 நாள், இன்னோரிடத்தில் 120 நாள் என்றிருக்கும்போது எந்த மாதிரி போட்டாலும் அது உயரமாகத்தான் வரும். ஒரே இடத்துக்குள் ரகங்களின் வரிசையைச் சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். ரகம் தேர்ந்தெடுப்பவருக்குத் தேவை அதுதான்.

நேர்கோடு ஓர் எல்லை வரைதான் செல்லும். வெப்பம் மிகும்போது வேகம் கூடுவது நின்று, பிறகு குறையவும் செய்யும். உங்கள் தரவில் இருந்த உச்ச சராசரி 22 டிகிரி என்றால், 26 டிகிரிக்கான கணிப்பை வெளியே கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தரவின் எல்லையைப் படத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

மாதிரியை அடுத்தவரிடம் கொடுக்கும்போது அ, ஆ, இ மூன்றோடு நான்கு குறிப்புகளும் போக வேண்டும்: பூவின் வரையறை, எண்ணத் தொடங்கிய நாள், பகலின் வரையறை, வெப்பநிலைத் தரவு எங்கிருந்து வந்தது. இந்த நான்கும் இல்லாமல் யாராவது உங்களுக்கு எண்களைக் கொடுத்தால், பயன்படுத்தும் முன் கேட்டு வாங்குங்கள்.